மனிதரால் ஏற முடியாது என்று சொன்னேன்

என் மகள் பாறை ஏறுகிறவள். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, செங்குத்தான கல்லில் விரல்களாலும் கால்நுனிகளாலும் ஏறி, உச்சியைத் தொட்டுவிட்டு இறங்குவாள். அதைக் கூத்து என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். தெரிந்தே சொல்லிவந்தேன்.

நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தேயிலைத் தோட்டத்தின் எல்லை முடிந்து திரிங்காப் ஊருக்குப் போகும் சாலை தொடங்கும் இடத்தில் எங்களுக்கு ஒரு சிறிய வீடு. என் மனைவி இறந்தபோது மகள் கோலாலம்பூரிலிருந்து வந்து பத்து நாள் தங்கினாள். அடக்கம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். தனியாக நடக்கப் போனவள், முழங்கால்வரை சேற்றோடு திரும்பி வந்தாள். அந்த வாரத்தில் முதல்முறையாக அவள் முகத்தில் உயிர் இருந்தது.

"பன்னிரண்டாம் நம்பருக்கு மேல ஒரு கல்லு இருக்குப்பா. பார்த்திருக்கீங்களா?"

பன்னிரண்டாம் நம்பர் என்பது அந்தத் தேயிலைச் சரிவுக்குத் தோட்டம் வைத்த பெயர். அதன் தலைமாட்டில், காடு தொடங்கும் இடத்தில், அந்தக் கல்லை நான் நாற்பது வருடமாகப் பார்த்து வருகிறேன்.

"கல்லுதானே" என்றேன்.

அடுத்த இரண்டு மாதத்தில் அவள் பெட்டி படுக்கையோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுடையது கணினி முன்னால் உட்கார்ந்து செய்கிற வேலை, எங்கிருந்தும் செய்யலாமாம். மகள் தன்னந்தனி அப்பனைப் பார்த்துக்கொள்ள வந்துவிட்டாள் என்று தேவாலயத்தில் எல்லோரிடமும் சொன்னேன். அது அவள் காதுக்குப் போயிற்று.

"அப்படிச் சொல்லாதீங்கப்பா. பாதி உங்களுக்காக வந்தேன். பாதி அந்தக் கல்லுக்காக. அதுல ஏற உடம்புல தெம்பு இருக்குற வரைக்கும் இங்கதான் இருப்பேன். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது."

அவள் அதை அன்போடுதான் சொன்னாள். இப்போது புரிகிறது. அன்று எனக்குக் கேட்டது அந்தப் பாதி மட்டும்தான். ஒரு கல்லோடு என்னைச் சரிபாதியாக வைத்துவிட்டாள் என்று வயிறு எரிந்தது.

அதற்குப் பிறகு ஊர் அவளைப் பார்த்துப் பேசிய பேச்சுகளுக்கு நான்தான் வாசல் திறந்துவிட்டேன். பெண்ணைப் பெற்றவனே சிரித்தால் ஊர் ஏன் சிரிக்காது? காலையில் பசியாறப் போகும் கடையில் ஒருவர் கேட்டார்.

"சார், உங்க பொண்ணு கல்லு ஏறுதாமே. மேல என்னா இருக்கு, தேன்கூடா?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததுக்கா ஏறுது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

கடை முழுக்கச் சிரித்தது. எனக்கு அது பிடித்திருந்தது. வகுப்பறையை விட்டு வந்த பிறகு ஒரு கூட்டம் என் பேச்சுக்குச் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி விற்கும் அம்மாள் அவளை நேரிலேயே மடக்கினாள். "கயிறு மேல மரத்துல கட்டியிருக்குன்னு சொல்றியே, அதை யாரு கட்டுனா?"

"நான்தான் ஆன்ட்டி. பின்பக்கமா நடந்து போய்க் கட்டுவேன்."

"அப்ப நடந்தே மேல போயிட்டே. அப்புறம் எதுக்கு இறங்கி வந்து மறுபடி ஏறுறே?"

அவளுடைய ஏறும் காலணி விரல்களை நெரிக்கும் அளவுக்குச் சின்னது. வாசலில் காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர், "சப்பாத்து ரெண்டு சைஸ் சின்னதா இருக்கே, சீனன் ஏமாத்திட்டானாலா?" என்று கேட்டார். கோலாலம்பூரில் உயரமான கட்டடங்களுக்குக் கண்ணாடி துடைக்க ஆள் எடுக்கிறார்கள் என்று செய்தித்தாள் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தவரும் உண்டு. அவர் உண்மையாகவே உதவி செய்வதாக நினைத்தார்.

ஏறும்போது கை வழுக்காமல் இருக்க அவள் ஒரு வெள்ளைத் தூளைப் பூசுவாள். ஒருநாள் அது வாசலில் கொட்டிவிட்டது. ஜெபக்கூட்டத்துக்கு வந்த அம்மாள் பார்த்துவிட்டு, "என்னம்மா, மாவெல்லாம் கொட்டிக் கிடக்கு, ரொட்டிச்சானாய் கடை போடப் போறியா?" என்றார்.

"இல்ல ஆன்ட்டி. கை வேர்க்காம இருக்க."

"கை வேர்க்குதுன்னா பயமா இருக்குன்னு அர்த்தம். பயமா இருந்தா எதுக்கு ஏறணும்?"

எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான்.

ஆரம்பத்தில் அவளும் சிரித்தாள். சனிக்கிழமைகளில் ஈப்போவிலிருந்து அவள் தோழி ஒருத்தி வருவாள், சீனப் பெண். இருவரும் சேர்ந்து ஏறுவார்கள். அந்த வாரம் கேட்ட பேச்சுகளையெல்லாம் இவள் மலாய் மொழியில் சொல்லிக் காட்ட, அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். வெளியார் பேச்சு அவர்களுக்கு நகைச்சுவைதான். வீட்டுக்குள் நான் பேசியதை அவள் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

நான் பேசியதில் ஒன்றை மட்டும் எழுதுகிறேன். சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அவள் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. ரசத்தில் கை பட்டதும் முகத்தைச் சுளித்தாள்.

"என் அக்கா கொழுந்துக் கூடையோட இந்தச் சரிவுல ஏறி இறங்கினது வயித்துக்காக. நீ ஏறுறது கொழுப்புக்காக" என்றேன்.

அவள் சாப்பாட்டை நிறுத்தவில்லை. மெதுவாக மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்.

"ஒரு தடவை வந்து பாருங்கப்பா. பார்த்துட்டுத் திட்டுங்க."

எங்கள் வீட்டிலிருந்து பன்னிரண்டாம் நம்பருக்கு அரைமணி நேர நடை. எட்டு மாதத்தில் நான் ஒருமுறைகூடப் போகவில்லை.

போகவேண்டிய நாளும் வந்தது. வரவழைத்தது அவள் அல்ல.

அந்தச் சமயம் அவள் அலுவலக வேலையாக இரண்டு வாரம் கோலாலம்பூர் போயிருந்தாள். பன்னிரண்டாம் நம்பரில் கவ்வாத்து நடந்தது. தேயிலைச் செடிகளை வெட்டிக் கட்டையாக விடும் வேலை அது. கவ்வாத்து வெட்டுபவர்கள் இப்போது பெரும்பாலும் நேப்பாளிகளும் வங்காளதேசத்துக்காரர்களும்தான். அவர்களுக்குத் தேநீர் கொண்டுபோகும் தமிழ் அம்மாள் ஒருத்தி, செடிகள் தாழ்ந்து வெளி திறந்ததும், கல்லின் பள்ளத்தாக்குப் பக்கத்தை நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். அந்தப் பக்கத்துக்கு யாரும் போவதில்லை. பார்த்தவள் தேநீர் வாளியை அங்கேயே வைத்துவிட்டு லயத்து வீடுகளுக்கு ஓடினாளாம்.

மறுநாள் காலை தோட்டத்துக் கோயில் தலைவர் என்னைத் தேடி வந்தார். கோலா தெர்லாவிலிருந்து கோஸும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு போகும் லோரியை ஓட்டுகிறவர். என்னிடம் படித்தவர்.

"சார், நீங்க ஒரு வாட்டி வந்து பாக்கணும். நீங்க சயன்ஸ் வாத்தியாரு. நாங்க பாட்டுக்கு ஒண்ணு சொல்லி நாளைக்கு நாலு பேரு சிரிக்கக்கூடாது."

போனோம். அவரும், அந்த அம்மாளும், இன்னும் ஐந்தாறு பேரும்.

கல்லின் நடுவில் ஒரு புடைப்பு, நெற்றி போல. அதற்கு மேலே பாறை கூரைபோல் நீட்டிக்கொண்டிருந்ததால் மழை படாத இடம். நாலு ஆள் உயரத்தில், அந்த நெற்றியில், மூன்று வெள்ளைக் கோடுகள். கிடையாக, அருகருகே, யாரோ மூன்று விரலால் திருநீறு இழுத்ததுபோல. அதற்கு மேலும் அங்கங்கே வெள்ளைத் தடங்கள், உச்சியை நோக்கி.

புரிந்துகொள்ள எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அந்தத் தூளின் டப்பா எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் கிடக்கும். அதில் எழுதியிருந்ததைப் படித்திருக்கிறேன்: மக்னீசியம் கார்பனேட். அவள் வலது கை மூன்று விரலை நெற்றியின் செங்குத்து விளிம்பில் பக்கவாட்டாகப் போட்டு, உடம்பு முழுவதையும் சாய்த்து இழுத்திருக்கிறாள். விரல்களின் இடைவெளிகூட அவளுடையது. அந்தக் கல்லை மறுபடி பார்த்தேன். பிடிக்க அதில் ஒன்றுமே இல்லை. சுவர்.

தலைவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "சார், தப்பா நெனைக்காதீங்க. உங்க பொண்ணு இந்தப் பக்கந்தான் எங்கேயோ கல்லு ஏறுதுன்னு பேச்சு. கையில மாவு பூசுமாமே. அதோட வேலையா இருக்குமோன்னு..."

தேநீர் அம்மாள் குறுக்கே வந்தாள். "அட போங்க தலைவரே! இது மனுசன் ஏறுற எடமா? பல்லி ஏறுனாலே வழுக்கி உளுந்துரும். அந்தப் பாப்பா எங்கியாவது சின்னக் கல்லா பாத்து ஏறிக்கிட்டு இருக்கும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் கேட்டதற்கு இரண்டே சொல்லில் பதில் இருந்தது: 'என் மகள்தான்.' சொல்லியிருந்தால் அன்றைக்கே அந்த அம்மாள் வாயைப் பிளந்திருப்பாள். எட்டு மாதம் அவளைக் கேலி செய்த ஊர் ஒரு மணி நேரத்தில் வாயை மூடியிருக்கும்.

அந்தக் கணத்தில் நான் நினைத்தது வேறு. அவளுக்கு இந்தக் கல் இல்லாமல் போனால் மிச்சப் பாதியும் எனக்கு வரும் என்று கணக்குப் போட்டேன். இதைவிட நல்லபடியாக எழுத முடியவில்லை.

"மனுஷரால அதுல ஏற முடியாது" என்றேன். "எனக்குத் தெரிஞ்சு முடியாது. மத்தபடி நான் வேதக்காரன். உங்க சாமி விஷயத்துல நான் என்ன சொல்றது?"

அடுத்தவர் நம்பிக்கையில் தலையிடக்கூடாது என்று அன்று இரவு ஜெபத்தில்கூடச் சொல்லிக்கொண்டேன். கர்த்தரிடமே பொய்ச் சாட்சி சொன்னேன் என்றுதான் அதை இப்போது நினைக்கிறேன்.

தோட்டத்தில் சாமி வேகமாக வருவார். ஒரு வாரத்தில் கல்லின் காலடியைச் செதுக்கி மேடை கட்டினார்கள். மஞ்சள் துணி, சூலம், கற்பூரத் தட்டு, வெயில் மழைக்கு ஒரு தகரக் கொட்டகை. சாமிக்கு ஐயா என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை பொங்கல். வேலை தேடி ஈப்போவுக்கும் ரவாங்குக்கும் போய்விட்ட குடும்பங்கள்கூடக் கார், வேன் என்று காடி எடுத்துக்கொண்டு வந்தன. தோட்டத்தை நடத்தும் துரையிடம் அனுமதி கேட்டார்கள். செடியை மிதிக்காமல் இருந்தால் சரி என்று சொல்லிவிட்டாராம். ஏறிக்கொள்ள என் மகள் கேட்டபோதும் அவர் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தார்.

மகள் திரும்பி வந்தது ஒரு சனிக்கிழமை. வந்ததும் கயிற்றுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "அங்க ஏதோ பூசை நடக்குது" என்று மட்டும் சொன்னேன். அவள் என் முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டுப் போனாள். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பின்னாலேயே போனேன்.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது சத்தம் ஏறியிருந்தது.

"செருப்பக் கழட்டிட்டு நில்லும்மா!"

"கழட்டிட்டேன்க்கா. நான் சொல்றதக் கேளுங்க. அது என் கை. பாருங்க, இந்த மூணு விரல்."

ஒருத்தன் சிரித்தான். "ஆமாலா, உன் கை அவ்ளோ ஒசரத்துக்கு நீளும்!"

"கயிறு இருக்கு. இப்பவே ஏறிக் காட்டவா?"

"ஐயா நெத்தியில கால வெப்பியா? வேதக்காரப் பொண்ணுன்னா என்னா வேணா செய்யலாமா?" அது தேநீர் அம்மாள். சாம்பிராணித் தட்டைக் கீழே வைக்காமலே முன்னால் வந்தாள்.

தலைவர் நடுவில் வந்தார். "தங்கச்சி, கோவப்படாதே. நாங்களா ஒண்ணும் சொல்லல. உங்க அப்பாவக் கூட்டியாந்து காட்டுனோம். மனுசனால முடியாதுன்னு அவருதான் சொன்னாரு."

அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள். தேயிலைக் கட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

"அப்பா?"

வாயைத் திறந்தேன். "விடும்மா. கூட்டத்தோட எதுக்குச் சண்டை?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைக் கடந்து இறங்கினாள். நான் பின்னாலேயே சறுக்கிக்கொண்டு போனேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, வேகத்தையும் குறைக்கவில்லை.

வீட்டில் அவள் பேசியது கொஞ்சம்தான். "அவங்களுக்குத் தெரியாது, நம்பிட்டாங்க. உங்களுக்குத் தெரியும். டப்பாவ எடுத்துப் படிச்சவரு நீங்க."

"உன் நல்லதுக்குத்தான்..."

"சீ."

என்னிடம் அவள் அதற்கு முன் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

புதன்கிழமை அவள் போய்விட்டாள். தோழியின் காடியில் சாமான்களை ஏற்றும்போது உதவிக்குப் போனேன். என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவளே தூக்கி ஏற்றினாள்.

இரண்டு வருடம் போனது. கிறிஸ்துமசுக்குப் போன் செய்வாள். மாத்திரை சாப்பிடுகிறேனா என்று கேட்பாள். அவ்வளவுதான். பன்னிரண்டாம் நம்பர் பக்கம் நான் போகவில்லை. ஞாயிறு காலை மணிச்சத்தம் வீட்டுக்குக் கேட்கும். சன்னலைச் சாத்திவிடுவேன்.

போன மாதம் கண்ணில் புரை எடுக்க ஈப்போவுக்குப் போகவேண்டியிருந்தது. கூட்டிப்போக ஆள் இல்லை. கேள்விப்பட்டு வந்தவர் கோயில் தலைவர்தான். லோரியில் முன்னிருக்கையில் ஏற்றிக்கொண்டார். பின்னால் கோஸ் கூடைகள். மலைப்பாதையின் வளைவு ஒவ்வொன்றிலும், "புடிச்சிக்குங்க சார்" என்றார்.

"பொண்ணு வரலியா சார்?"

அந்தக் கேள்விக்கு ஒரு பொய் தயாராக இருந்தது. அவர் எனக்காகத் தலையணை ஒன்று கொண்டுவந்து இருக்கையில் வைத்திருந்தார். அந்தத் தலையணையில் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியவில்லை.

"அந்தக் கோடு அவ போட்டது" என்றேன். "அன்னிக்கே எனக்குத் தெரியும்."

அவர் வண்டியை மெதுவாக்கவில்லை. ஒரு வளைவு தாண்டியது.

"எனக்கும் தெரியும் சார்."

"எப்படி?"

"போறதுக்கு முந்துன நாளு லயத்துக்கு வந்துச்சு. என் உள்ளங்கையில அந்தத் தூளக் கொட்டித் தேச்சுக் காட்டுச்சு. வாசனையே இல்ல. திருநீறுன்னா வாசனை இருக்கும்ல சார்? அப்பவே புரிஞ்சிருச்சு."

"அப்புறம் ஏன் பூசையை நிறுத்தல?"

"எதுக்கு நிறுத்தணும்? கோடு யாரு போட்டா என்னா? முப்பது குடும்பம் ஒண்ணா நிக்குது. கல்லுல சாமி இல்லன்னு உங்க மகளும் சொல்லல. எங்க கணக்கு எங்களோட. உங்க கணக்கு வேற சார்."

அவர்தான் தொடர்ந்தார். அந்தக் குரலில் அதுவரை நான் கேட்காத கடுமை இருந்தது.

"அது கையப் புடிச்சு நான் சொன்னேன், தங்கச்சி, பூசை இல்லாத நாள்ல நீ ஏறிக்க, யாரும் வாயத் தொறக்காம நான் பாத்துக்கறேன்னு. வேணாம்னுருச்சு. கல்லு இருக்குண்ணே, அந்த வூட்ல இருக்கத்தான் முடியாதுன்னு சொல்லிட்டு அழுதுச்சு. நீங்க சயன்ஸ் சொல்லிக்குடுத்த வாத்தியாரு. உங்களுக்கு எப்படி சார் மனசு வந்துச்சு?"

ஈப்போ போய்ச் சேர்ந்தோம். மருத்துவமனை வாசலில் என்னை இறக்கிவிட்டுத் தலையணையை எடுத்துத் தூசு தட்டினார்.

கண்கட்டு அவிழ்த்த அன்றே மகளுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்: பாதிக் கணக்கு, டப்பாவில் படித்தது, சொன்ன வார்த்தை. கடைசியில், "அது ரொம்பக் கஷ்டமான ஏத்தமாம்மா?" என்று கேட்டேன். அவள் ஏறுவதைப் பற்றி நான் உண்மையாகக் கேட்ட முதல் கேள்வி.

"எட்டு மாசம் கூப்பிட்டேன்" என்றாள். "இப்ப போன்ல கேக்கறீங்க."

"மன்னிச்சிடும்மா."

"என்கிட்டச் சொல்லி என்னப்பா பிரயோசனம்? எனக்குத்தான் தெரியுமே, நான் ஏறினேன்னு. அங்க நின்னு என்னைப் பொய்யாக்கினீங்க. அங்க போய்ச் சொல்லுங்க. எல்லாரும் இருக்கும்போது."

தலைவரிடம் போய்க் கேட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. பூசை முடிந்து, கொட்டகைக்கு வெளியே வந்து, சாமியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் சொல்வதானால் சொல்லுங்கள் என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். பொங்கல் இலைகளோடு தேயிலைச் செடிகளின் ஓரம் உட்கார்ந்திருந்தார்கள். நின்றுகொண்டு சொன்னேன். என் மகள் இந்தக் கல்லில் ஏறினாள், உச்சிவரை ஏறினாள், எனக்கு அது தெரியும், முடியாது என்று நான் உங்களிடம் பொய் சொன்னேன். இவ்வளவுதான். பாடம் நடத்தும் குரல் வரவில்லை.

சிலர் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். "எங்க சாமிய இல்லன்னு சொல்ல வந்தீங்களா?" என்று ஒருவன் எழுந்தான். "ரெண்டு வருசமா என்னா செஞ்சீங்க, தூங்கினீங்களா?" என்றான் இன்னொருவன். "பெத்த மவளயே இப்பிடிச் செய்வாங்களா?" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல். யாரோ காறித் துப்பினார்கள். என் மேல் படவில்லை.

தேநீர் அம்மாள் மட்டும் எழுந்து கல்லுக்கு அருகில் போய்த் தலையை நிமிர்த்தினாள். வெகுநேரம் பார்த்தாள். நாற்பது வருடம் சரிவுகளில் கொழுந்து எடுத்தவள் அவள். எங்கே கால் வைக்கலாம் என்று கண்ணால் தேடியிருக்க வேண்டும். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மெய்யாவே அந்தப் பாப்பாவா ஏறுச்சு? எங்கேயிருந்து எங்க வரைக்கும்?"

கையை நீட்டிக் காட்டினேன். கீழேயிருந்து நெற்றிவரைதான் என்னால் காட்ட முடிந்தது. அதற்கு மேல் அவள் எந்தப் பக்கமாகப் போனாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"உளுந்துட்டா புடிக்கறதுக்குக் கீழ யாரு சார் நின்னா?" என்று கேட்டாள். "நீங்களா?"

"இல்லம்மா" என்றேன். "நான் வீட்ல இருந்தேன்."